படித்த புத்தகத்தைப் பற்றிக் கருத்து சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தகம் படிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு களைகட்டும். அதையே எழுதித் தாருங்கள் என்றால் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். அப்போது அவர்கள் சொல்லும் தயக்கங்கள் பெரும்பாலும் ஒன்றே போலத்தான் இருக்கின்றன. பல வருடங்களாகக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

நான் இலக்கியமெல்லாம் படித்தவள் இல்லை. என் கருத்துக்கு என்ன மதிப்பு இருக்கப்போகிறது?

முழு மதிப்பு உண்டு. நாவல்கள் பேராசிரியர்களுக்காக எழுதப்படுவதில்லை. ராத்திரி விளக்கை அணைக்க மனமில்லாமல் ‘இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்’ என்று புரட்டுகிறவருக்காகத்தான் எழுதப்படுகின்றன. அவர் வாயைத் திறக்காவிட்டால், அந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது.

படிப்பு இருந்தால் தீர்ப்பு தானாகச் சரியாகிவிடும் என்பதும் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1920களில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர் ஒரு சோதனை செய்தார். எழுதியவர் பெயரை எடுத்துவிட்டுக் கவிதைகளை மட்டும் மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதித் தரச் சொன்னார். அவர்களில் பெரும்பாலோர் இலக்கிய மாணவர்கள். ஆனாலும் புகழ்பெற்ற கவிஞர்களின் கவிதைகளைப் பலர் மட்டம் தட்டினார்கள். சாதாரணக் கவிதைகளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். கவிதை நேரடியாக என்ன சொல்கிறது என்பதைக்கூடப் பலர் தவறவிட்டார்கள். அந்தக் குறிப்புகளை அலசி 1929ல் ஒரு நூலாகவே வெளியிட்டார். பட்டத்தைவிட, வரியை நிதானமாகப் படிப்பதுதான் முக்கியம் என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

‘நல்லா இருந்தது’, ‘போர்’ இதைத் தாண்டி எனக்கு எழுத வரவில்லை. என்னதான் எழுதுவது?

அந்த இரண்டு வார்த்தைகளில் தொடங்குவதில் தவறே இல்லை. அங்கேயே நின்றுவிடாமல், ‘எந்த இடத்தில்?’ என்று உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு துப்பறியும் நாவலைப் படித்த நண்பர் ‘இரண்டாம் பாதி போர்’ என்றார். எந்த இடத்தில் சலிப்பு தட்டியது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, விசாரிக்கிற அதிகாரி ஊரைவிட்டுக் கிளம்புகிற இடம் என்றார். அப்புறம் என்ன நடக்கிறது? அவருக்கும் மனைவிக்கும் இடையே உள்ள மனக்கசப்பு நாற்பது பக்கத்துக்கு வருகிறது. கொலையைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தப் பகுதி மோசமாக எழுதப்பட்டிருக்கிறதா? இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் கொலைகாரனைத் தேடிக்கொண்டிருந்தேன் என்றார்.

அவர் பேசியதையே எழுதினால் இப்படி வரும்: ‘அதிகாரி ஊரைவிட்டுக் கிளம்பியதும் கொலை மறந்துபோகிறது. கணவன் மனைவி கசப்பை ஆசிரியர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கொலைகாரனைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அந்த நாற்பது பக்கங்கள் குறுக்கே நின்றன.’ மூன்றே வாக்கியம். குடும்பக் கதை விரும்பும் ஒருவர் இதைப் பார்த்தால், இந்தக் குறைக்காகவே அந்த நாவலைத் தேடிப் பிடித்துப் படிக்கக்கூடும். எனக்குத் தெரிந்து நல்ல கருத்தின் அடையாளம் அதுதான். சொன்னவருக்குப் பிடிக்காதபோதும், தனக்குப் பிடிக்குமா என்று கேட்பவரால் கணிக்க முடிய வேண்டும்.

ஏதோ குறைகிறது என்று தெரிகிறது. ஆனால் எது என்று சொல்ல வார்த்தை கிடைக்க மாட்டேன் என்கிறது.

வார்த்தைகள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களும் இருக்கவேண்டிய பத்து அழகுகளும் பட்டியலாகவே இருக்கின்றன. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன பலருக்கு, அது இன்றைய நாவலுக்கும் அப்படியே பொருந்தும் என்று தோன்றுவதில்லை.

குற்றங்களில் சிலவற்றைப் பாருங்கள். ‘குன்றக் கூறல்’: சொல்லவேண்டிய அளவுக்குச் சொல்லாமல் விடுவது. திடீரென்று மனம் மாறும் வில்லன் இதில் அடங்குவான். ‘மிகைபடக் கூறல்’, ‘கூறியது கூறல்’ இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை. சுயமுன்னேற்ற நூல்கள் பலவற்றில் முதல் அத்தியாயத்தையே பத்து முறை படித்த உணர்வு வருமே, அதுதான். ‘மாறுகொளக் கூறல்’: மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே பிள்ளையாக இருந்தவனுக்குப் பத்தாம் அத்தியாயத்தில் அண்ணன் முளைப்பது. ‘மற்றொன்று விரித்தல்’: எடுத்த விஷயத்தை விட்டுவிட்டு இன்னொன்றை விரித்துக்கொண்டே போவது. மேலே நண்பர் சொன்ன குறை இதுதான். எனக்கு மிகவும் பிடித்தது ‘சென்று தேய்ந்து இறுதல்’. அமர்க்களமாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் முடிவது. எத்தனை த்ரில்லர்களுக்கு இந்த மூன்று சொற்களே போதும்!

அழகுகளையும் மறக்க வேண்டாம். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், ஓசையுடைமை, ஆழமுடைத்தாதல், முறையின் வைத்தல் என்று போகிறது அந்தப் பட்டியல். பிடித்த புத்தகத்தைப் பற்றி எழுதும்போதுதான் நாம் இன்னும் அதிகமாகத் திணறுகிறோம். ‘அருமை, அற்புதம்’ என்று அடுக்குவதற்குப் பதில், இந்த ஐந்தில் எது இந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே எழுத்து நகர ஆரம்பித்துவிடும்.

கதையைச் சொல்லிவிட்டால் திட்டுகிறார்கள். கதையைச் சொல்லாமல் எப்படிக் கருத்து சொல்வது?

எந்த வகைப் புத்தகம் என்பதைப் பொறுத்தது. மர்மக் கதையின் முடிச்சை அவிழ்த்துக் காட்டுவது, அடுத்தவர் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குவதற்குச் சமம். அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’ 1926ல் வெளியானபோது, அதன் முடிவு வாசகரை நியாயமாக நடத்துகிறதா என்றே பெரிய வாதம் எழுந்தது. இன்றைக்கும் அந்த வாதத்தை, முடிவைச் சொல்லாமலே ஒருவருக்கு விளக்க முடியும். நான் இப்போது செய்ததும் அதைத்தான். பாதிக் கதைக்கு முன் நடப்பதைச் சொல்லலாம், பின்னால் வருவதைத் தவிர்க்கலாம் என்பது பெரும்பாலான நாவல்களுக்குப் போதுமான வரம்பு.

ஆனால் எல்லாப் புத்தகமும் ‘அடுத்து என்ன’ என்ற ஆவலில் உயிர்வாழ்வதில்லை. சிலப்பதிகாரத்தின் பதிகமே கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரிந்ததையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. தெரிந்த முடிவை நோக்கி எப்படிப் போகிறோம் என்பதில்தான் அங்கே மனசு துடிக்கிறது. இப்படிப்பட்ட நூலைப் பற்றிப் பேசும்போது கதையைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. சந்தேகமாக இருந்தால், ‘இதற்குமேல் கதை தெரிந்துவிடும்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு எழுதுங்கள். யாருக்கும் மனத்தாங்கல் வராது.

பாதியில் மூடிவைத்த புத்தகத்தைப் பற்றிப் பேசலாமா?

தாராளமாக. எந்த இடத்தில் மூடினீர்கள், ஏன் மூடினீர்கள் என்று சொன்னால் போதும். ‘நூறாவது பக்கத்தில் நிறுத்திவிட்டேன், ஐந்து தலைமுறைப் பெயர்களையும் நினைவில் வைக்க முடியவில்லை’ என்பது பயனுள்ள தகவல். முழுக்கப் படித்ததாகப் பாவனை செய்வதும், வேறு யாரோ எழுதிய சுருக்கத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வதும்தான் கூடாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். பாதிவரை படித்தவர் நடையைப் பற்றி, வேகத்தைப் பற்றி, பாத்திரங்கள் நம்பும்படி இருக்கிறார்களா என்பதைப் பற்றி உறுதியாகப் பேசலாம். நூலின் நிலைப்பாடு என்ன என்பதைப் பற்றிப் பேச முடியாது. சாதிவெறி பிடித்த ஒருவன் முதல் பாதி முழுக்கப் பேசுகிறான் என்பதால் நூலும் அதையே சொல்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. இரண்டாம் பாதி அவனை என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

ஒலிப்புத்தகமாகக் கேட்டதை ‘படித்தேன்’ என்று சொல்லலாமா?

சொல்லலாம். கேட்டது என்பதை மட்டும் குறிப்பிட்டுவிடுங்கள். வாசிப்பவரின் குரல் ஒரு சுமாரான நாவலைத் தூக்கி நிறுத்திவிடும், நல்ல நாவலைக் கவிழ்த்தும் விடும்.

காதல் கதைக்கும் வரலாற்று நாவலுக்கும் கவிதைக்கும் ஒரே அளவுகோலை வைக்க முடியுமா?

முடியாது. கருத்துகளில் நான் பார்க்கிற பெரும்பாலான அநியாயங்கள் இங்கேதான் நடக்கின்றன. ஒவ்வொரு வகையும் வாசகருக்கு ஒரு வாக்குறுதி கொடுக்கிறது. அதைக் காப்பாற்றியதா என்று முதலில் பாருங்கள். அதற்குமேல் என்ன தந்தது என்று பிறகு பாருங்கள். காதல் நாவலில் இருவரும் கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள் என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை. சேர்வார்கள் என்று தெரிந்துதான் வாசகர் வருகிறார். அவர்களைப் பிரித்து வைத்த தடை உண்மையானதா, ஒரு முறை உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்குமா என்று கேட்பதுதான் நியாயமான கேள்வி.

துப்பறியும் கதையின் வாக்குறுதி, வாசகருக்கும் சமவாய்ப்பு தருவது. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், தாமும் துப்பறியும் கதைகள் எழுதியவர், 1929ல் இதற்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவருக்குக் கிடைத்த தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கக்கூடாது, தற்செயலாக எதுவும் அவருக்கு உதவக்கூடாது என்பவை அவற்றில் இரண்டு. விதிகளை மீறியும் நல்ல கதைகள் வந்திருக்கின்றன என்பது வேறு விஷயம். ஆனால் ‘கொலைகாரனை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்பது பாராட்டா குறையா என்பது, தடயங்கள் நம் கண்முன் இருந்தனவா என்பதைப் பொறுத்தது. திரும்பிப் புரட்டிப் பாருங்கள். இருந்தால் ஆசிரியருக்கு ஒரு கைதட்டல்.

வரலாற்று நாவலைப் பற்றிய கருத்துகளில் ‘இது உண்மை வரலாறு இல்லை’ என்ற புகார் தவறாமல் வரும். கல்கியின் பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது வரலாறு. அவனைக் கொன்ற துரோகிகளின் நிலங்கள் பறிக்கப்பட்டதை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. நந்தினி கற்பனைப் பாத்திரம். நந்தினி கற்பனை என்பதைக் குற்றமாகச் சொல்வதைவிட, தெரிந்த செய்திகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அவள் எப்படி நிரப்புகிறாள் என்று பார்ப்பது பயன் தரும். இன்னொன்று: அது 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக வந்த கதை. முன்கதையை நினைவூட்டும் பத்திகளும் அத்தியாய முடிவில் தொங்கவிடும் திருப்பங்களும் அந்த வாசகருக்காக வைக்கப்பட்டவை. ஐந்து பாகங்களை ஒரே மூச்சில் படிக்கும் நமக்கு அவை ‘கூறியது கூறல்’ ஆகத் தெரியலாம். அதைச் சொல்லும்போது எப்படிப் படித்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தன்வரலாற்றுக்கும் இதே கவனம் தேவை. உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ முழுமை பெறாமல் நிற்கிறது என்று யாராவது குறைப்பட்டால், 1940ல் ஆனந்த விகடனில் தொடங்கிய அந்தத் தொடர் 1942ல் அவர் மறைந்ததால் நின்றது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொதுவாகத் தன்வரலாற்றில் நான் பார்ப்பது, தனக்குப் பாதகமான ஒன்றையாவது எழுதியவர் சொல்கிறாரா என்பது. அறிவியல் புனைகதையில் அந்த உலகத்தின் விதிகள் கடைசிவரை மாறாமல் இருக்க வேண்டும்; நம் உலகத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற அவசியமில்லை. திகில் கதையைப் பகலில் பேருந்தில் படித்துவிட்டுப் பயம் வரவில்லை என்று சொல்லாதீர்கள். சுயமுன்னேற்ற நூலைப் பற்றி முடித்த அன்றே எழுத வேண்டாம். அது சொன்னதில் ஒன்றையாவது சில வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். கவிதைத் தொகுப்பென்றால் மொத்தத்துக்கும் தீர்ப்பு சொல்லாமல் ஒரு கவிதையை எடுத்து, வாய்விட்டுப் படித்து, அதைப் பற்றி மட்டும் எழுதுங்கள். நன்னூல் சொன்ன ஓசையுடைமை கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

மொழிபெயர்ப்பில் படித்தேன், ஒட்டவே இல்லை. குறை யாருடையது?

உறுதியாகச் சொல்ல மூலத்தையும் பார்த்திருக்க வேண்டும். அது முடியாதபோது ஓரளவு ஊகிக்க வழி உண்டு. கிழவியும் குழந்தையும் ஒரே மாதிரி பேசினால், ஒரு வாக்கியத்தை மூன்று முறை படித்தும் யார் யாரை அடித்தார்கள் என்று விளங்காவிட்டால், மொழிபெயர்ப்பைச் சந்தேகிக்கலாம். கதையின் கட்டுக்கோப்பும் பாத்திரங்களின் முடிவுகளும் இடறினால் அது பெரும்பாலும் மூல ஆசிரியருடையது. மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் எழுதுங்கள். நன்றாக இருக்கும்போது அவரை மறப்பதும் இடறும்போது மட்டும் நினைப்பதும் நியாயமில்லை.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறார்கள். எப்படிப் போடுவது?

உங்கள் நினைவுக்குப் போட்டுக்கொள்ளுங்கள், தவறில்லை. அதை மட்டும் வைத்து அடுத்தவரால் ஒன்றும் செய்ய முடியாது. நடை கரடுமுரடாக இருந்தும் கண்கலங்க வைத்த நாவலுக்கு மூன்று போடுவீர்கள். ஒரு பிசிறும் இல்லாமல் எழுதப்பட்டு, மறுநாளே மறந்துபோன நாவலுக்கும் மூன்றுதான் போடுவீர்கள். இரண்டும் ஒன்றா? நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியமாவது இருக்கட்டும்.

படிப்பதற்கு முன்னால் மற்றவர்களின் கருத்தைப் பார்க்கலாமா? பார்த்தால் நம் கருத்து கெட்டுவிடாதா?

எதைப் படிப்பது என்று தேர்ந்தெடுக்கப் பாருங்கள். எடுத்த பிறகு, முடித்து உங்கள் கருத்தை எழுதும்வரை பார்க்காதீர்கள். புகழ்ச்சியைவிட, குறை சொல்லும் கருத்துகள் தேர்வுக்கு அதிகம் உதவும் என்பது என் அனுபவம். ‘நிகழ்ச்சிகளே இல்லை, முழுக்க மன ஓட்டம்தான்’ என்று ஒருவர் சலித்துக்கொண்டால், எனக்கு அது அழைப்பிதழ்.

ரசனை இன்னதென்று உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. உங்கள் ரசனையோடு ஒத்துப்போகிறவராக இருக்க வேண்டும் என்பதில்லை. எப்போதும் நேர் எதிராக இருப்பவரும் நம்பகமான வழிகாட்டிதான்.

எல்லோரும் கொண்டாடும் கிளாசிக் எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே சொல்லலாமா, இல்லை எனக்குத்தான் ஏதாவது குறையா?

சொல்லுங்கள். டால்ஸ்டாயே ஷேக்ஸ்பியரை ஏற்கவில்லை. 1906ல் வெளியான ஒரு நீண்ட கட்டுரையில், ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் மறுபடி மறுபடி படித்தும் தமக்குச் சலிப்பே மிஞ்சியது என்று எழுதினார். வெறுமனே திட்டிவிட்டுப் போகவில்லை. லியர் மன்னன் நாடகத்தைக் காட்சி காட்சியாக எடுத்து, எங்கே தமக்கு நம்பிக்கை வரவில்லை என்று காட்டினார். அதனால்தான் நாற்பது ஆண்டு கழித்தும் ஜார்ஜ் ஆர்வெல் 1947ல் உட்கார்ந்து அவருக்கு விரிவாகப் பதில் எழுத முடிந்தது. நான் ஆர்வெல் பக்கம். ஆனாலும் இடத்தைக் காட்டிச் சொன்ன மறுப்புக்குத்தான் பதில் வரும் என்பதற்கு டால்ஸ்டாய் நல்ல உதாரணம்.

உமாபதி சிவாச்சாரியார் 14ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசத்தில் ‘தொன்மையவாம் எனுமெவையும் நன்றாகா, இன்று தோன்றியநூல் எனுமெவையும் தீதாகா’ என்று எழுதினார். பழசு என்பதாலேயே பணிய வேண்டியதில்லை, புதுசு என்பதாலேயே ஒதுக்க வேண்டியதும் இல்லை. கூட்டத்தின் தீர்ப்பும் மாறக்கூடியது. மெல்வில்லின் ‘மோபி டிக்’ 1851ல் வந்தபோது சரியாகப் போகவில்லை. 1891ல் அவர் இறந்தபோது அவரை ஏறக்குறைய மறந்தே போயிருந்தார்கள். அது மகத்தான நாவல் என்ற பேச்சு வலுத்தது 1920களில்தான். இடைப்பட்ட காலத்தில் அதைத் தனியாக விரும்பிய வாசகர்கள் தங்கள் ரசனையை மாற்றிக்கொள்ளாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

கதாநாயகனையே பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட ஆளைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும்?

இரண்டு விஷயங்கள் இதில் கலந்துகிடக்கின்றன. ‘இந்த ஆளோடு நான் பழக மாட்டேன்’ என்பது ஒன்று. ‘இப்படி ஒரு ஆள் இருப்பான் என்று நான் நம்பவில்லை’ என்பது இன்னொன்று. முதலாவது நூலின் குறை ஆகாது. தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ 1866ல் வந்தது. அதன் நாயகன் கோடரியால் ஒரு கிழவியைக் கொல்கிறவன். அவன் மண்டைக்குள் நாமும் உட்கார்ந்து வியர்க்கிறோம் என்பதுதான் அந்த நாவலின் பலம். இரண்டாவது புகார் உண்மையான குறை. அதை எந்தச் செயலில், எந்தப் பேச்சில் உணர்ந்தீர்கள் என்று எழுதுங்கள்.

நான் புரிந்துகொண்டது தவறு, தான் அதை நினைக்கவே இல்லை என்று எழுத்தாளரே சொல்கிறார். இப்போது என் கருத்து என்ன ஆகும்?

எழுத்தாளர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ 1953ல் வெளியானது. புத்தகங்களை எரிப்பதையே வேலையாகச் செய்யும் தீயணைப்புக்காரன் கதை. அரசுத் தணிக்கையைப் பற்றிய நாவல் என்றுதான் தலைமுறை தலைமுறையாக வாசகர்கள் படித்தார்கள். தொலைக்காட்சி வாசிப்பைத் தின்றுவிடுவதைப் பற்றித்தான் எழுதினேன் என்று பிராட்பரி பிற்காலத்தில் வலியுறுத்தினார். நாவலைத் திறந்து பாருங்கள்: சுவர் அளவுத் திரைகளும் இருக்கின்றன, எரியும் புத்தகங்களும் இருக்கின்றன. இரண்டு வாசிப்புக்கும் பக்கத்தைக் காட்ட முடிகிறது.

பக்கத்தைக் காட்ட முடியும்வரை உங்கள் வாசிப்பு நிற்கும். காட்ட முடியாவிட்டால், எழுத்தாளரே ஒத்துக்கொண்டாலும் அது நூலில் இல்லை.

எழுதியவரின் நடத்தை எனக்குச் சகிக்கவில்லை. புத்தகத்தை மட்டும் பாராட்ட முடியுமா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் இல்லை. என் பதிலைச் சொல்கிறேன். நார்வே எழுத்தாளர் க்நுட் ஹாம்சன் 1920ல் நோபல் பரிசு பெற்றவர். 1943ல் அந்தப் பதக்கத்தை ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்கே அனுப்பிவைத்தவர். 1945 மே மாதம் ஹிட்லருக்குப் புகழஞ்சலி எழுதியவர். அவருடைய ‘பசி’ 1890ல் வந்தது. பட்டினியில் ஒருவனின் புத்தி எப்படி வழுக்குகிறது என்பதை அவ்வளவு நெருக்கமாகக் காட்டிய நாவல்கள் குறைவு. இந்த இரண்டு உண்மைகளையும் நான் ஒரே பத்தியில் எழுதுவேன். ஒன்றை வைத்து மற்றதை அழிக்க மாட்டேன்.

படிக்கவே மாட்டேன் என்று ஒருவர் முடிவு செய்தால் அதையும் மதிக்கிறேன். ‘இவருடைய நூலை நான் தொடமாட்டேன், காரணம் இது’ என்பது நேர்மையான நிலைப்பாடு. படிக்காமலேயே ‘நூலும் மட்டம்’ என்று சேர்த்துச் சொல்லும்போதுதான் அது பொய்யாகிறது.

‘உனக்குப் புரியவில்லை’ என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். என்ன பதில் சொல்வது?

‘எந்த இடம் எனக்குப் புரியவில்லை?’ என்று கேளுங்கள். அவர் இடத்தைக் காட்டினால் அங்கே போய் மறுபடி படியுங்கள். சில சமயம் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஒரு நல்ல பகுதி உங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. காட்ட முடியாமல் எழுத்தாளரின் பெருமையை மட்டும் பேசினால், அதோடு விட்டுவிடலாம். ரிச்சர்ட்ஸின் மாணவர்கள் முன்னால் அந்தப் பெருமை மறைக்கப்பட்டிருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

கல்லூரிக் காலத்தில் உயிராக நினைத்த நாவல் இப்போது சப்பென்று இருக்கிறது. பழைய கருத்தை அழித்துவிடவா?

அழிக்காதீர்கள். கீழே தேதி போட்டுப் புதியதை எழுதுங்கள். பதினெட்டு வயது வாசகருக்கு அந்த நாவல் என்ன செய்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பழைய குறிப்புதான். இன்று பதினெட்டு வயதில் இருக்கிற யாருக்காவது அது உதவும்.

‘நவில்தொறும் நூல்நயம் போலும்’ என்கிறது குறள்: படிக்கப் படிக்க நயம் கூடுவது நல்ல நூலின் இயல்பு, பண்புள்ளவர் நட்பும் அப்படியே. நட்பைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் வள்ளுவர் மறுவாசிப்பை அளவுகோலாக எடுத்துக்கொண்டது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் மறுவாசிப்பில் சுவை குறைந்த எல்லா நூலும் மட்டம் என்று அதைத் திருப்பிப் போட வேண்டாம். முடிச்சு தெரிந்த மர்மக் கதை இரண்டாம் முறை வேறுவிதமாகத்தான் சுவைக்கும்.

நண்பர் எழுதிய புத்தகம். பிடிக்கவில்லை. கருத்து சொல் என்று விடாமல் கேட்கிறார். தப்பிக்க வழி உண்டா?

பொதுவில் எழுதுவதைத் தவிர்க்கலாம், அல்லது ‘இவர் என் நண்பர்’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதலாம். நண்பர் என்பதை மறைத்துவிட்டுப் புகழ்வதுதான் கூடவே கூடாது. அதை நம்பிக் காசும் நேரமும் செலவழிக்கிற முகம் தெரியாத வாசகருக்கு நீங்கள் துரோகம் செய்கிறீர்கள்.

நேரில் சொல்வதென்றால், அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். இன்னும் திருத்த வாய்ப்பிருக்கும் கையெழுத்துப் பிரதி என்றால் எல்லாவற்றையும் சொல்லுங்கள், பக்க எண்ணோடு. அச்சாகிவிட்டதென்றால், உண்மையாகவே பிடித்த ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த இடம் உங்களை என்ன செய்தது என்று விவரமாகச் சொல்லுங்கள். பிறகு, ‘இந்த மாதிரி இன்னும் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை’ என்று ஒரே ஒரு குறையைச் சொல்லுங்கள். மற்ற குறைகளை அவர் அடுத்த புத்தகம் எழுத ஆரம்பிக்கும்போது, கேட்டால், சொல்லிக்கொள்ளலாம்.